உறை

விடிகாலை நான்கே கால்.
திபிலீசிக்குத் தூதர்கள் அந்த நேரத்தில்தான் வந்திறங்குவார்கள்,
மலிவுச் சீட்டில் வரும் மலையேறிகளோடு
ஒரே வரிசையில்.
எனக்கு இவர் ஐந்தாவது.
முந்தைய நால்வரில் மூவர் நெட்டை, ஒருவர் சர்க்கரைக்காரர்.
இவர் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்.
பெட்டியில் ஒரு சக்கரம் உடைந்திருந்தது.

நெறிமுறைத் துறை ரேவாஸ் பூங்கொத்தை நீட்டி
மனப்பாடம் செய்த வாக்கியத்தைப் பாதியில் தொலைத்தான்.
நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.
"தைகா ஸ்ட்ராஸ்தினா," என்று கை நீட்டினார்
பதவியைச் சொல்லாமல்.
சொல்லவும் கூடாது:
கடிதம் குடியரசுத் தலைவர் கைக்குப் போகும்வரை
அவர் தூதர் இல்லை. தூதராகப் போகிறவர்.
அதுவரை காரின் முன்மூலைக் கம்பியில்
லாத்வியக் கொடி
கறுப்புத் தோல் உறைக்குள் கிடக்கும்.

வாசலில் ஒரு தெருநாய் அவர் காலணியை மோந்தது.
காதில் மஞ்சள் வில்லை, நகராட்சி மாட்டியது,
ஊசி போட்டாயிற்று என்பதற்கு.
"இதற்கு அங்கீகாரம் வந்துவிட்டது போல,"
ஆங்கிலத்தில், மெதுவாக, அரிசியில் கல் பொறுக்குவதுபோல.
நானும் ஆங்கிலத்தில்: "ஆமாம். நாய் சீனியர்."

எங்கள் இருவருக்கும் தண்ணீராய் வரும் மொழி ஒன்று உண்டு,
பள்ளியில் அடித்துப் புகட்டியது.
எனக்குப் பக்கத்தில் காலியாயிருந்த இருக்கையில்
ஊர் வரை அது உட்கார்ந்து வந்தது.
யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

பதினெட்டு நாள்.
அவர் கரண்டிகளை எண்ணினார், திரைச்சீலை அளந்தார்,
கட்டிலடியில் முன்னவரின் செருப்பைக் கண்டுபிடித்தார்.
இடது, வலது, நன்றி, மழை,
இவ்வளவு ஆங்கிலத்தில் ஒரு மாநகரம் ஓடிவிடும்.
ஒரு நாள் கேட்டார்:
"மல்ஹாஸ், எங்கள் நாட்டைப் பார்த்திருக்கிறீர்களா?"
"கடல் பார்த்திருக்கிறேன்."

லியப்பாயாத் துறைமுகத்தில் இரண்டு வருடம்,
தோள் தொங்கும் ஒரு ராணுவ மேல்கோட்டுக்குள்.
அதைச் சொல்லவில்லை.
ரொட்டிக்கடைப் பெண், நான் கேட்ட மொழி புரியாதவளாய்
சுவரைப் பார்த்து நின்றதையும்.
எனக்கும் அது என் மொழி இல்லை என்று
எந்த மொழியில் சொல்வது அவளிடம்?

சனவரி. மைனஸ் ஆறு.
ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் கொண்டுபோனார்:
முன்னவரைத் திரும்ப அழைத்துக்கொண்டோம் என்று ஒன்று.
எங்கள் பெயரால் இவர் சொல்வதையெல்லாம்
நம்புங்கள் என்று மற்றொன்று.
(இப்படி ஒரு கடிதத்தை எனக்கு யாராவது எழுதித் தந்திருந்தால்
அந்த ரொட்டிக்கடையில் நீட்டியிருப்பேன்.)

நாற்பது நிமிடத்தில் தூதராக வெளியே வந்தார்.
நான் கொடியைத் திறக்கப் போனேன்.
ஜிப் உறைந்துவிட்டது.
ஊதினேன். லைட்டரைக் காட்டினேன்.
அணிவகுப்புக் காவலர்கள் எதையும் பார்க்காத கண்களோடு பார்த்தார்கள்.
அவர் இறங்கி வந்து
கையுறையைப் பல்லில் கடித்துக் கழற்றி
ஒரே இழுப்பு. நகம் பிளந்தது.

அப்போது வந்தது
அந்த மொழியில், முழுதாக, ஒரு கெட்ட வார்த்தை.
கப்பல்காரர்களே காது பொத்துவார்கள்.
தொண்ணூற்றொன்பதில் பிறந்த ரேவாஸுக்கு
ஒன்றும் விளங்கவில்லை, மரியாதையாகத் தலையசைத்தான்.
எனக்கு விளங்கியது.
அந்த வார்த்தைக்கு ஒரு இரண்டாம் பாதி உண்டு,
பட்டாளத்தில் இருந்த எவனுக்கும் தெரியும்.
நான் அதைச் சொன்னேன்.

அரண்மனை முற்றத்தில்
கண்ணீர் வரச் சிரித்தார் மாண்புமிகு தூதர்,
நகத்தைச் சூப்பிக்கொண்டே.

ஜிப் தானாக வழிவிட்டது.
கொடி மடிப்புக் கலையாமல் தொங்கியது, காற்றில்லை.
வண்டியை எடுத்தேன், அசைந்தது.
"வலதா?" என்றார் பழைய ஆங்கிலத்தில்.
"வலது, மேடம்."
திட்டுவதற்கு மட்டும் அந்த மொழியை
இருவரும் வைத்துக்கொண்டோம்.
உறை என் சட்டைப்பையில்,
குழந்தை கழற்றிப் போட்ட காலுறை மாதிரி,
ஈரமாக.